தாய்மாமன் குடமும் சொட்டுகிற ரேடியேட்டரும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் வண்டி ஒழுகுகிற வண்டி இல்லை. லேசாகச் சொட்டுகிற வண்டி. ஒழுகுவதற்கும் சொட்டுவதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. அந்த வரிசையில் முதலில் நிற்பவள் என் வீட்டுக்காரி.

காரைக்குடியில் எனக்கு ஒரு பெயிண்ட் கடை. சரக்கு ஏற்றி இறக்க ஒரு பழைய டீசல் வேன் வைத்திருக்கிறேன். எஞ்சினைப் பொறுத்தவரை ஒரு குறை சொல்ல முடியாது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் தெருவே எழுந்துகொள்ளும். அதைக் குறையாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், விடுங்கள். ரேடியேட்டரில் மட்டும் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. சூடு ஏறினால் அதிலிருந்து கூலண்ட் பச்சைப் பசேலென்று சொட்டும். மெக்கானிக்கிடம் காட்டினேன். "சின்ன ஓட்டைதாண்ணே. ரேடியேட்டரைக் கழட்டி ஈயத்தால பத்த வச்சு அடைச்சாச் சரியாப் போகும். ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சின்ன ஓட்டைக்கு எதற்கு ரெண்டு நாள்? "அதுவரைக்கும் பெயிண்ட் டப்பாவை நான் தலையிலயா சுமக்கிறது?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு கூலண்டெல்லாம் கிடையாது. விடிந்ததும் பானட்டைத் திறந்து ஒரு சொம்பு வெறும் தண்ணீர். வழியில் ஊற்ற ஒரு கேன் தண்ணீர் வண்டியிலேயே கிடக்கும். அவ்வளவுதான் வைத்தியம். வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எனக்கு ஒருநாளாச்சும் ஒரு டம்ளர் காபி கலந்து குடுத்திருக்கீகளா? மூத்த தாரத்துக்கு மட்டும் விடிஞ்சதும் விடியாததுமாத் தண்ணி காட்டுறீக."

வண்டிக்கு அவள் வைத்த பேர் அது.

எனக்கு ஒரே தங்கச்சி. கானாடுகாத்தான் தாண்டி ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். கல்யாணமாகி ரொம்ப காலம் காத்திருந்து, போகாத கோயில் இல்லை என்று போய், பிறந்த பெண் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு நான்தான் தாய்மாமன். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அது யாரிடமும் கேட்டு வாங்குகிற இடமில்லை, கூடப் பிறந்ததாலேயே வருவது. ஆனால் மாமன்காரன் நேரத்துக்கு வந்து சேரணுமே! பேர் வைக்கிற அன்றைக்கு வண்டி வழியில் கொதித்து நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மாமன் செய்ய வேண்டிய முறையையெல்லாம் என் பெரியப்பா மகன் செய்து முடித்திருந்தார். அவர் புதுக் கார் வைத்திருக்கிறார். ஏசியில் வந்து, போட்ட சட்டை கசங்காமல் இறங்குகிற ஆள். என்னைப் பார்த்து, "வந்துட்டியா தம்பி? பாயசம் நல்லாருக்கு, சாப்பிடு" என்றார். அந்தப் பாயசம் எனக்கு இன்னமும் செரிக்கவில்லை.

காதுகுத்துக்கு நாள் குறித்ததும் தங்கச்சி போன் பண்ணினாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை குலசாமி கோயில்ல வச்சிருக்கோம். நல்ல நேரம் பத்து மணியோட முடியுது. அதுக்குள்ள நீ வந்து உக்காந்துரணும். இல்லேன்னா பெரியண்ணன் மடியில வச்சுக் குத்திருவோம்னு உன் மாப்பிள்ளை கண்டிப்பாச் சொல்லிட்டாரு."

பெரியண்ணன் என்றால் அந்தப் பாயசம்தான். எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. என் தங்கச்சி பிள்ளை அவர் மடியிலா? நான் என்ன செத்தா போய்விட்டேன்? எங்கள் வீட்டில் காலண்டர் பார்ப்பதெல்லாம் வீட்டுக்காரி வேலை. "என்னடி, பத்தோட முடியுதாமே?" என்று கேட்டேன். "உங்க தங்கச்சி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

சீர் எல்லாம் தயாரானது. பட்டுப்பாவாடை, தங்கத்தோடு, பழத்தட்டு, காது குத்தியதும் எல்லோருக்கும் கொடுக்கிற காப்பரிசிக்குப் பச்சரிசியும் வெல்லமும். அதற்கு மேல் ஒரு பித்தளைக் குடம். எங்கள் பக்கம் பேர் வெட்டாமல் ஒரு கரண்டியைக்கூடச் சீராகக் கொடுக்க மாட்டோம். பாத்திரக் கடையில் என்ன பேர் வெட்டட்டும் என்று கேட்டார்கள். "பேரெல்லாம் வேண்டாம். தாய்மாமன் அன்பளிப்புன்னு குடத்தைச் சுத்திப் பெரிசா வெட்டுங்க" என்றேன். பெரியண்ணன் கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்குப் பெரிசாக வெட்டிக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமி கும்பிட்டு வண்டியை எடுத்தேன். பள்ளத்தூர் தாண்டும்போதே சூடு காட்டுகிற முள் மெல்ல ஏறத் தொடங்கியது. நான் அதைப் பார்க்காத மாதிரி ஓட்டினேன். நாம் பார்த்தால்தான் அதுக்கு இளக்காரம். கானாடுகாத்தானுக்குள் நுழைந்து ரெண்டு தெரு போனதும் பானட் ஓரத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி. அதற்கு மேல் பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்து, ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். வீட்டுக்காரி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சூட்டோட தொறந்தீகன்னா மூஞ்சி வெந்துரும். ஆறட்டும்."

அவள் சொன்னது சரிதான். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"சரி, ஆறுறதுக்குள்ள தண்ணி கேனை எடு."

"பழத்தட்டு வைக்க இடமில்லைன்னு அதை வீட்டுலயே எறக்கி வச்சுட்டேன்."

நான் நடுரோட்டில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதினால் என் தங்கச்சி மகள் பெரியவளாகிப் படிப்பாள், வேண்டாம். கத்தி என்ன பிரயோஜனம்? கேட்க ஆள் வேண்டுமே! அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடும் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு, எல்லாக் கதவிலும் என் கை பெரிசுக்குப் பூட்டு. தண்ணீர் கொடுக்க ஒரு குருவி இல்லை. வண்டியிலோ பாத்திரம் என்று இருந்தது அந்தச் சீர்க் குடம் ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்காரி வண்டியைப் பூட்டி, நகைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு, எக்சிபிஷன் பார்க்கப் போகிறவள் மாதிரி ஆடி அசைந்து பின்னால் வந்தாள்.

தெருக்கோடியில் நாதஸ்வரச் சத்தம். ஒரு வீடு மட்டும் திறந்திருந்தது. வாசலில் வாழை மரம், பந்தல், வரிசையாகக் கார்கள். கல்யாணம். அப்பாடா, பிழைத்தேன் என்று முகப்புக்குள் ஏறினேன். சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்த பெண்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, குடத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"தாய்மாமன் அன்பளிப்பு. ஆச்சி! தாய்மாமன் வீட்டுச் சீர் வந்துருச்சு!"

நான் வாயைத் திறப்பதற்குள் குடம் என் கையில் இல்லை. சட்டையில் பன்னீர், கழுத்தில் சந்தனம், வாயில் கல்கண்டு. இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வீடுகளெல்லாம் கல்யாணம் காட்சிக்குத்தான் திறப்பார்கள். சொந்தக்காரர்கள் சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து இறங்குவார்கள். வந்திருப்பதில் பாதிப் பேருக்கு மீதிப் பேரைத் தெரியாது. ஆனாலும் படியேறி வந்தவரைப் பார்த்து "நீங்க யாரு?" என்று மட்டும் கேட்டுவிட மாட்டார்கள். அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. அதனால் எல்லோரும் எல்லோரையும் தெரிந்த மாதிரியே விசாரிப்பார்கள்.

"வாங்க, வாங்க. இப்பத்தான் வாரீகளா? பிள்ளைக எல்லாம் சௌக்கியமா?" என்றார் கல்யாண வீட்டு ஆச்சி.

"சௌக்கியம் ஆச்சி. தண்ணி வேணும். வண்டி சூடாயிருச்சு."

"இந்த வெயில்ல சூடாகாம என்ன செய்யும்? மொதல்ல இங்குட்டு வந்து உக்காருங்க. பலகாரம் சாப்பிட்டுத்தான் மத்தது எல்லாம்."

இரண்டு பேர் என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரியை யாரும் பிடித்து இழுக்கவில்லை. அவளே போய் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். இட்லி வந்தது, கோசமல்லி வந்தது, வெள்ளைப்பணியாரம் வந்தது, கவுனி அரிசி வந்தது. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சுவர்க் கடிகாரம் ஒன்பதரையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"எந்திரிடி. என் மடி போகுது அங்கே!"

"வண்டி ஆறணுமா இல்லையா? அதுக்குள்ள வயிறாவது நெறையட்டும்" என்றவள், பரிமாறுகிறவரைப் பார்த்து, "இன்னும் ரெண்டு பணியாரம் வைங்க" என்றாள். அதற்குள் அவள் போன் அடித்தது. என் தங்கச்சி. "ஆமா, கானாடுகாத்தான்ல நிக்குது. எதிர்பார்த்ததுதானே? வந்துருவோம், நீ பாட்டுக்கு இரு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கிறாள்! கட்டின புருஷன் மானம் போய்க்கொண்டிருக்கிறது, இவளுக்குச் சிரிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன்.

குடம் இருந்தால்தானே தண்ணீர் பிடிக்கலாம்? தேடினேன். வீட்டு நடுவில் வானம் பார்த்த பெரிய முற்றம், வளவு என்பார்கள். அதைச் சுற்றி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சீர்ச் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். வெள்ளி ஒரு பக்கம், எவர்சில்வர் ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம். என் குடம் முன் வரிசையில், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி, பொட்டு வைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நான் போய் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தேன்.

"ஐயோ! மாமன் சீரைத் திருப்பி எடுத்துட்டுப் போறாக!"

நாதஸ்வரம் நின்றது. என் முகம் சாதாரணமாகவே கோபமாக இருக்கும், அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். கல்யாண வீட்டில் தாய்மாமன் கோபித்துக்கொண்டு சீரோடு வெளியேறுகிறார் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம்! வாசலை மறித்துக்கொண்டார்கள். ஒருவர் குடத்தைப் பிடித்தார், ஒருவர் என் துண்டைப் பிடித்தார்.

"என்ன கொறை வச்சோம், சொல்லுங்க. பலகாரம் சரியில்லையா?"

"மாப்பிள்ளை வீட்டாளுக யாராச்சும் மரியாதைக் கொறைவாப் பேசிட்டாகளா?"

ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "எதா இருந்தாலும் தாலி கட்டினதுக்கு அப்புறம் பேசிக்கலாம். நல்ல நாளும் அதுவுமா இப்படிப் போகாதீக. கோவிச்சுக்காதீக."

"நான் கோவிச்சுக்கலை!" என்று கத்தினேன். கோபித்துக்கொண்டவர்கள் எல்லோரும் அதைத்தானே சொல்வார்கள்? கூட்டம் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அப்போது அடுப்படிப் பக்கமிருந்து ஒரு பெரிய உருவம் வந்தது. பட்டு வேட்டி, கழுத்து நிறையச் சந்தனம், வாயில் பாதிப் பணியாரம்.

"யாரு கோவிச்சுக்கிட்டது? நான் எப்பக் கோவிச்சேன்?"

அவர்தான் கல்யாணப் பெண்ணின் நிஜமான தாய்மாமன். ஆச்சி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். கடைசியில், வேறு வழியில்லாமல், அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டே விட்டார்.

"அப்ப நீங்க யாரு?"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். ரேடியேட்டர், ஓட்டை, தங்கச்சி, ஒரே பிள்ளை, பத்து மணி, பாயசம், பெரியண்ணன். கழுத்தைப் பிடித்துத் தள்ளப் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெரிய மாமன் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு என் தோளில் கை வைத்தார்.

"தாய்மாமன் இருக்கையில பெரியப்பா மகன் மடியா? அது எப்படி? விட்டுருவமா?" என்று அதட்டியவர், என் காதருகே குனிந்து, "எனக்கும் ஒரு பெரியப்பா மகன் இருக்கான் தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கல்யாணம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. எல்லோரும் என் வண்டிக்கு வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு குடம் தண்ணீர். வண்டியும் ஆறியிருந்தது. ஈரத்துண்டை மடித்துப் பிடித்து மூடியை மெல்லத் திருகினேன், உஸ்ஸென்று மிச்ச ஆவி போனது. உள்ளே எட்டிப் பார்த்த பெரிய மாமன், "மஞ்சத்தூள் கொண்டாங்க" என்றார். "ரெண்டு கை போட்டாப் பொடி போயி ஓட்டையை அடைச்சுக்கும். எங்க அப்பச்சி காருக்கு இதான் வைத்தியம்." எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இருந்த நிலைமையில் விபூதி போடச் சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன். ஆச்சி வெள்ளிக் கிண்ணத்தில் மஞ்சள்தூள் கொண்டுவந்தார். விருந்தாளிக்கு எவர்சில்வரில் கொடுத்துப் பழக்கமில்லை போலிருக்கிறது. மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றி, தண்ணீரை நிறைத்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். கீழே மஞ்சளாகச் சொட்டியது. சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. கூட்டம் கைதட்டியது. யாரோ சங்கை எடுத்து ஊதினார்கள். எங்கள் வீடுகளில் சங்கு ஊதினால் அர்த்தம் வேறு, எனக்குக் குலை நடுங்கிவிட்டது. "அவுகளுக்கு அது மங்களம், பேசாம ஓட்டுங்க" என்றாள் வீட்டுக்காரி. அவள் மடியில் தாம்பூலப் பையும், வாழை இலையில் கட்டிய பணியாரமும், காலடியில் வைத்த பொட்டோடு என் சீர்க் குடமும் இருந்தன.

கிளம்பும்போதே மணி பத்தைத் தாண்டிவிட்டது. போனில் பார்த்தேன், வீட்டுக்காரி போனிலும் பார்த்தேன், எல்லாம் ஒரே நேரம்தான் காட்டின. போச்சு. பிள்ளை இந்நேரம் அந்த மடியில் உட்கார்ந்திருக்கும். ஆனாலும் ஓட்டினேன். கண்ணாடியில் ஏதோ மறைத்த மாதிரி இருந்தது, துடைத்தேன். மறைத்தது கண்ணாடியில் இல்லை.

கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். காது குத்துகிற ஆசாரி டீ குடித்துக்கொண்டிருந்தார். பூசாரி அப்போதுதான் சாமிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி பிள்ளைக்குப் பால் கொடுத்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். பெரியண்ணனைக் காணோம்.

"முடிஞ்சிருச்சாம்மா?"

"என்ன முடிஞ்சிருச்சா? நல்ல நேரமே பதினோரு மணிக்குத்தாண்ணே ஆரம்பிக்குது."

நான் வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு மட்டும் பத்து மணின்னு சொல்லச் சொன்னது மதினிதான்" என்றாள் தங்கச்சி. "உன் வண்டி எங்கிட்டாவது நிக்கும்னு எங்களுக்குத் தெரியாதா?"

வந்தது பாருங்கள் எனக்கு! ஊர் சிரிக்க ஒரு கல்யாணத்தையே நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். "என்னை என்ன கேணப்பயன்னு நெனச்சீகளா ரெண்டு பேரும்? பெரியண்ணன் மடியில வச்சுக் குத்திருவோம்னு வேற..." என்று ஆரம்பித்தேன்.

"ஏண்ணே, நீ இருக்கையில வேற ஆள் மடியில என் பிள்ளையை உக்கார வப்பனா?" என்றாள் தங்கச்சி. "நீ வரலேன்னா என் பிள்ளை காது குத்தாமலே வளந்துட்டுப் போகும்." சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டாள். கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிக் கத்துவது? அது வேறு என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறது. மிச்சக் கோபத்தை அப்படியே விழுங்கினேன்.

பூசாரி வாசலுக்குப் போனவர் முகமெல்லாம் மலர்ந்து திரும்பி வந்தார். "மாமன் ரோட்டுலருந்து வாசல் வரைக்கும் மஞ்சத்தண்ணி தெளிச்சுக்கிட்டே வந்திருக்காக! இப்படி முறை தெரிஞ்ச ஆளுகளை இப்ப எங்கே பாக்க முடியுது?" நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

மணையில் உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தேன். ஆசாரி ஊசியை எடுத்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிள்ளை வீலென்று அழுதது. நான் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அழுதேன், இப்போது என்ன?

பந்தியிலும் பிள்ளை என் மடியில்தான். பாயசம் ஊற்றும்போதுதான் புதுக் கார் வந்து நின்றது. பெரியண்ணன் இறங்கினார். கழுத்தெல்லாம் சந்தனம், சட்டை கசங்கியிருந்தது.

"கானாடுகாத்தான்ல பட்டு வேட்டி கட்டின ஒரு பெரிய ஆளு காரை மறிச்சுட்டாரு தம்பி. காதுகுத்துக்கான்னு கேட்டாரு, ஆமான்னேன். பெரியப்பா மகனான்னு கேட்டாரு, அதுக்கும் ஆமான்னேன். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிப் பந்தியில உக்கார வச்சுட்டாக. மூணு தடவை எந்திரிச்சேன், மூணு தடவையும் பணியாரம் வச்சுட்டாக."

இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே நான் உயிரோடு இருந்தேன். பிள்ளையைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"வந்துட்டீகளாண்ணே? பாயசம் நல்லாருக்கு, சாப்பிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கவில்லை, கூடியது. குனிந்து பார்த்தேன். புது வேட்டி முன்பக்கம் பூராவும் நனைந்து தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி பாயச டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"என்னங்க இது? வண்டி சொட்டுனதா, பிள்ளை சொட்டுனதா?"

"எது சொட்டுனா உனக்கென்னடி?" என்றேன். "சொட்டுனது என் மடியிலதானே!"